கவுனுக்குள் ஒரு பெயர்

அன்றைக்குக் கன்னையாவின் கண் மகள்மேல் இல்லை, மகள் போட்டிருந்த கவுன்மேல்தான் இருந்தது. ஆறு வயது புஷ்பவல்லி ரிக்ஷாவிலிருந்து விழுந்தால் தூக்கிவிடலாம்; அழுதால் மிட்டாய் கொடுக்கலாம். கவுனில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டால் என்ன கொடுப்பது? அது அவன் வீட்டுக் கவுன் இல்லை. இந்திய மசூதிக்குப் பக்கத்தில் இராமலிங்கம் முதலாளியின் துணிக்கடை இருக்கிறதே, அங்கே கண்ணாடி அலமாரியில், இரண்டாவது கம்பியில், இடமிருந்து ஐந்தாவதாகத் தொங்க வேண்டிய கவுன். முந்தின நாள் மாலை கடை சாத்தும்போது கன்னையாவின் சட்டைக்குள் புகுந்து வெளியே வந்தது. மறுநாள் காலை முதலாளி ஊதுபத்தி கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பழைய கம்பிக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சின்னையா என்று ஒரு சாட்சி உண்டு. கன்னையாவோடு அதே கடையில் துணி கிழித்தவன். ஒரு கல்யாணத்துக்குக் கடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, பத்திரமாகத்தான் கொண்டுவந்து மாட்டினான். கைமடிப்பில் இருந்த சந்தனத்தை மறந்துவிட்டான். முதலாளி அதை மோந்து பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த கப்பலில் சின்னையா நாகப்பட்டினத்துக்குப் பயணம்.

இதெல்லாம் தெரிந்தும் கன்னையா ஏன் துணிந்தான் என்றால், அதற்குக் காரணம் நாற்பது கெஜம்.

துணிக்கடை ஆட்களின் பிள்ளைகளுக்குத் துணி பஞ்சம் இல்லை என்றுதான் உலகம் நினைக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ மில்லிலிருந்து வரும் துணிக்கட்டின், அந்தப் பேலின், கடைசித் துண்டு. மில்காரன் நீல மையால் முத்திரை குத்தியிருக்கிற துண்டு. கன்னையாவின் மகன் ஜெயராஜுக்கு இதில் குறையே இல்லை. அவன் சட்டை முதுகில் ஒரு யானை முத்திரை விழுந்திருந்தது. தெருவில் எவனைக் கண்டாலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். புஷ்பவல்லியின் பாவாடைக்கு யானை வாய்க்கவில்லை. அவள் உட்காரும் இடத்தில் ‘நாற்பது கெஜம்’ என்று வந்துவிட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது படித்த பிள்ளை ஒன்று அதை உரக்க வாசித்தது. அன்றிலிருந்து அவர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. குழாயடியில் நாற்பது கெஜம், கோயிலில் நாற்பது கெஜம். பிள்ளை வாசற்படி தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

“நாலு அலமாரித் துணிக்கு நடுவுல நிக்கிற மனுஷன், பெத்த பொண்ணுக்கு எழுத்து இல்லாத துணி ஒண்ணு எடுத்துக் குடுக்க முடியல” என்றாள் அவன் மனைவி வீரம்மா. அதை ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. கைக்குழந்தையைத் தாலாட்டும்போதும் அதையே ராகம் போட்டுப் பாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ராஜா பிறந்தநாள் விடுமுறையன்று, பிரிக்ஃபீல்ட்ஸ் மிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில் ‘குழந்தைகள் கலை மியூசியம்’. பிள்ளைகளுக்கு இலவசம். கன்னையா வாழைப்பழத்தை உரிப்பதுபோலக் காரியத்தை உரித்துப் பார்த்தான். மியூசியம் என்றால் அவனுக்குத் தெரியும். அவன் பட்டணத்துக்காரன், பட்டணத்தில் அதற்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர். செத்த புலி, செத்த பாம்பு, எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். போன வருஷம் டாமன்சாரா ரோட்டு மியூசியத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் போய், வரிசையாக வந்தார்கள். தூசி இல்லை, சேறு இல்லை, எதையும் தொடக் காவல்காரன் விடமாட்டான். இரவல் கவுனுக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் எது? பிள்ளை கவுனோடு நாலு பேர் கண்ணில் பட்டாற்போலவும் இருக்கும், கவுன் கசங்காமல் திரும்பினாற்போலவும் இருக்கும்.

ஒரே ஒரு சங்கடம், கவுனின் கழுத்துப்பட்டிக்குள் இருந்தது. முதலாளி எந்தச் சரக்கு வந்தாலும் விரற்கடை அகல நாடாவில் அழியாத மையால் மூன்றெழுத்து எழுதித் தம் கையாலேயே தைத்துவிடுவார். பார்ப்பவனுக்கு அது வெறும் எழுத்து. கடைக்காரனுக்கு அது வாங்கின விலை. ‘சிவகாமிநேசன்துணையே’ என்பது கடையின் ரகசிய வார்த்தை, பத்து எழுத்து. சி என்றால் ஒன்று, வ என்றால் இரண்டு, கா மூன்று, மி நான்கு, இப்படியே போய் யே என்றால் சைபர். இந்தக் கவுனில் ‘சிவமி’ என்றிருந்தது. ஒரு வெள்ளி இருபத்துநாலு காசு. விற்கும்போது முதலாளி மூன்றரை சொல்வார். வாடிக்கைக்காரர் போராடி மூன்றுக்கு இறங்க வைத்தால், “வாங்கின விலைக்கே குடுக்குறேன், எங்கம்மா மேல ஆணை” என்று கண் கலங்குவார். அந்த வார்த்தை முதலாளிக்குத் தெரியும், கன்னையாவுக்குத் தெரியும், சிவகாமிநேசனுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாது.

நாடாவைப் பிரித்தால் முதலாளியின் தையலை மறுபடி போட யாராலும் ஆகாது. அதனால் அதை உள்பக்கமாக மடித்துவிட்டு, “கழுத்தை யாரும் தொட விடாதே” என்று மகளிடம் சொல்லிவைத்தான்.

மண்டபத்து வாசலில் ஒரு பலகை. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. தமிழில் ‘எல்லாவற்றையும் தொடவும்’ என்றிருந்தது. ‘தொடாதீர்’ என்று எழுத வந்தவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே கன்னையா உள்ளே காலை வைத்தான்.

வைத்த காலை எடுக்கலாமா என்று பார்த்தான். அதற்குள் பின்னால் இருந்த கூட்டம் தள்ளிவிட்டது.

செத்த காலேஜ் இல்லை அது. உயிர் காலேஜ். எழுபது எண்பது பிள்ளைகள், அத்தனையும் அவிழ்த்துவிட்ட ஜாதி. நாலு சுவரிலும் பழுப்புக் காகிதம் ஒட்டி, அதில் கரியால் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் களிமண், குளிக்கிற தொட்டி அளவுக்கு. இன்னொரு பக்கம் ஐந்து பேசின்களில் சாயம்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, நீலம். பிள்ளைகள் உள்ளங்கையை முக்கி முக்கிக் காகிதத்தில் அறைந்தார்கள். அறைந்த கையை எதில் துடைப்பது என்று எந்தப் பிள்ளையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

“வாங்க, வாங்க அண்ணே!” என்று ஒரு பெண் வந்தாள். டொரத்தி டீச்சர், அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. சீமையிலிருந்து வந்த துரைசாணி ஒருத்தியின் யோசனை இது, பிள்ளைகள் தொட்டுத்தான் கற்க வேண்டுமாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். “நீங்க மட்டும் எதையும் தொடக் கூடாது அண்ணே. பெரியவங்க கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கணும்.”

“நிக்கிறேங்க. எம்பொண்ணும் எங்கூடவே நிக்கட்டும்.”

“அதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?”

ஜெயராஜ் எப்போதோ களிமண் தொட்டிக்குள் போய்விட்டான். முதுகிலிருந்த யானை மட்டும் தெரிந்தது. புஷ்பவல்லி நீலப் பேசினை நோக்கி ஓர் அடி வைத்தாள். கன்னையா அவளுக்கு முன்னால் போய் நின்றான். அவள் இடம் போனால் இவன் இடம் போனான். வலம் வந்தால் வலம் வந்தான். தோள் துண்டை எடுத்து அவள் முன்னால் விரித்துப் பிடித்தான். ஒரு பையன் மஞ்சள் கையோடு பக்கத்தில் ஓடியபோது, கவுனின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி மேலே தூக்கிக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி பார்த்தான். அதே ஐந்து நிமிஷம்.

“அப்பா, நீலத்தைத் தொடவா?”

“பாரு. பாத்தாப் போதும்.”

“பலகையில தொடுன்னு எழுதியிருக்கு.”

படிப்பு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம் என்று கன்னையாவுக்குத் தோன்றியது.

“கவுனுக்குப் பயப்படுறீங்களா அண்ணே?” என்று டொரத்தி டீச்சர் சிரித்தாள். “அதுக்குத்தானே இது இருக்கு.” கோணித் துணியில் தைத்த மேலங்கி ஒன்றை எடுத்து வந்தாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும், பின்னால் முடிச்சு. கன்னையாவுக்குப் போன உயிர் வந்தது. இந்த டீச்சருக்குக் கோயில் கட்டினால்கூடத் தகும் என்று நினைத்தான். அவளே மண்டியிட்டு, பிள்ளையைத் திருப்பி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடக் கையைக் கொண்டுபோனாள்.

“கழுத்தைத் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க” என்றாள் புஷ்பவல்லி.

அப்படி ஒன்றைச் சொன்னால் எந்த டீச்சர்தான் பார்க்கமாட்டாள்? பட்டியை மடக்கினாள். நாடா வெளியே வந்தது.

“அட! பேர் எழுதித் தைச்சிருக்கீங்களே! எங்க போர்டிங் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் தைப்போம். துணிமணி மாறாது பாருங்க. எத்தனை தரம் சொன்னாலும் வீட்டுல இருக்கிறவங்க செய்யறதே இல்ல. நீங்கதான் அண்ணே பொறுப்பான தகப்பன்.” நாடாவை வெளிச்சத்தில் பார்த்தாள். “சி…வ…மி. சிவமி! நல்லாயிருக்கே, புதுசாவும் இருக்கு.”

“என் பேரு புஷ்…” என்று ஆரம்பித்தது பிள்ளை.

ஒரு கணம்தான். இல்லை என்று சொன்னால் பின்னே இது என்ன எழுத்து என்று கேட்பாள். கேட்டால் கடை வரும். கடை வந்தால் கப்பல் வரும்.

“சிவமிதாங்க டீச்சர்!” என்றான் கன்னையா, தேவைக்கு மேலே சத்தமாக. “மத்தது வீட்டுல கூப்பிடற பேரு.”

டீச்சர் காகிதம் எடுக்கப் போனாள். புஷ்பவல்லி தகப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். வாடிக்கைக்காரர்கள் துணியைத் தேய்த்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“அது யார் பேரு?”

“இன்னைக்கு மட்டும் உம்பேரு. கூப்பிட்டா ‘உம்’ கொட்டு, போதும்.”

“கொட்டுனா நீலம் தொடலாமா?”

“ஒரு கை.”

“ரெண்டு கை.”

“சரி, தொலை.”

அவள் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை நீலத்தில் முக்கினாள். பெரிய காகிதம் ஒன்றில் அறைந்தாள். மறுபடி முக்கினாள், மறுபடி அறைந்தாள். மற்றப் பிள்ளைகள் ஐந்து நிறத்தையும் குழப்பிச் சேறாக்கிக்கொண்டிருந்தபோது, இவள் நீலத்தை விட்டு நகரவே இல்லை. சுற்றிச் சுற்றிக் கை வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் பார்த்தால், தோகை விரித்த மயில் ஒன்று நின்றது. கன்னையா அந்த மயிலைப் பார்க்கவில்லை. மேலங்கிக்குக் கீழே எட்டிப் பார்த்த இரண்டு விரற்கடை லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டொரத்தி டீச்சர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். துரைசாணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். துரைசாணி கைதட்டினாள். உடனே மயிலை வாசலுக்கு எதிர்ச்சுவரில், உள்ளே வருகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற இடத்தில் மாட்டினார்கள். அடியில் டீச்சரே தூரிகையால், உள்ளங்கை உயர எழுத்தில், ‘சிவமி’ என்று எழுதினாள்.

வாங்கின விலை சுவரில் ஏறிவிட்டது.

“டீச்சர், பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, நாங்க கிளம்பறோம்” என்றான் கன்னையா.

“இருங்க அண்ணே. இந்தக் காகிதமெல்லாம் தானம் குடுத்த முதலாளி இப்ப வராரு. அவர் பாத்துட்டுத்தான் எல்லாரும் போகணும்.”

“எந்த முதலாளிங்க?”

கேட்டிருக்கவே வேண்டாம். பேலைச் சுற்றி வருகிற பழுப்புக் காகிதம் என்று வந்தவுடனே புரிந்திருக்க வேண்டும். வாசலில் சரிகைத் தலைப்பாகை தெரிந்தது. கன்னையா களிமண் தொட்டிக்குள் குனிந்து மகனைப் பிடித்து இழுத்தான்.

“விடுங்கப்பா. தங்கச்சி கவுனைத்தானே நாளைக்குக் கடையில வைக்கணும்? என் சட்டைய யாரும் கேக்கலையே” என்றான் ஜெயராஜ், நல்ல வேளையாக வாயில் பாதி களிமண்ணோடு.

இராமலிங்கம் முதலாளி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். எதிர்ச்சுவரைப் பார்த்தார். மற்றவர்கள் முதலில் மயிலைப் பார்ப்பார்கள்; அவர் கண் அடியிலிருந்த எழுத்துக்குப் போனது. உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, நாலு. கூப்பிய கை கீழே இறங்கவே இல்லை. பிறகு மெதுவாக மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நின்ற கன்னையாவைக் கண்டார். தூண் மெலிவு, கன்னையா அகலம்.

“கன்னையா.”

“முதலாளி.”

“அது என்னடா?”

“மயிலுங்க.”

அவர் அடுத்த வார்த்தையைப் பல்லுக்கிடையே கொண்டுவந்து நிறுத்தியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அட, முதலாளி! நீங்களும் வந்திருக்கீங்களா?”

இரயில்வே ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மனைவி பெர்னடெட் அம்மாள். முந்தாநாள் கடையில் ஒரு மணி நேரம் நின்று, முதலாளியைக் கண் கலங்க வைத்து, மூன்று வெள்ளிக்கு இறக்கி, விற்ற கவுனிலிருந்து நாடாவை வெட்டக் கன்னையா கத்தரியைத் தேடுவதற்குள் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனவள். அந்தக் கவுன் இப்போது அவள் மகள் உடம்பில் இருந்தது. அதே வெள்ளை, அதே லேஸ்.

பெர்னடெட் அம்மாள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். “சிவமி… சிவமி… இதை எங்கயோ பாத்தேனே.” சட்டென்று மகளைத் திருப்பிக் கழுத்துப்பட்டியை மடக்கினாள். “ஏசுவே! இங்க பாருங்க, இதே எழுத்து! இது என்னது முதலாளி? யார் பேரு?”

முதலாளி தம் அம்மா மேல் இட்ட ஆணை அந்த நாடாவில் அழியாத மையில் இருந்தது. பெர்னடெட் அம்மாளுக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தெரியும்; அடுத்த ரயிலில் கிள்ளானுக்குத் தெரியும். அதற்குள் அந்த அம்மாளின் கண் கீழே போயிற்று. “அங்க பாருங்களேன்! இந்தப் பொண்ணும் அதே கவுன்தான் போட்டிருக்கா!”

முதலாளி லேஸைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார். கப்பல் கிளம்பிச் சங்கு ஊதுவதுபோலிருந்தது. ஆனால் நாற்பது வருஷம் வியாபாரம் செய்த முகம் அது; கடைசியில் சிரித்தது.

“அது ஒண்ணுமில்லம்மா. அந்த ரகக் கவுனுக்கு நான் வச்ச பேரு. நம்ம கன்னையா மக பேரு அது. ராசியான பொண்ணு. அதான் சரக்குக்கு அவ பேரையே வச்சேன்.”

“அப்படியா! அதான் இவளுக்கும் ஒண்ணு குடுத்திருக்கீங்களா?”

“பேருக்குச் சொந்தக்காரிக்கு ஒண்ணு… குடுக்காம இருப்பேனா?”

“பெரிய மனசு முதலாளி உங்களுக்கு! எங்கே, சிவமி, இங்க வாம்மா!” என்று கூப்பிட்டாள் பெர்னடெட் அம்மாள்.

புஷ்பவல்லி திரும்பவில்லை.

“சிவமி!” என்றார் முதலாளி. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

புஷ்பவல்லி திரும்பினாள், அவர்களை நோக்கி அல்ல, தகப்பனை நோக்கி. நீலக் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு களிமண், சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் சுட்டினாள். கன்னையா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். தலை போகிற இடத்தில் தலையை ஆட்டுவதற்கு என்ன கஞ்சத்தனம்?

“என்னங்கம்மா?” என்றாள் புஷ்பவல்லி, தேன் ஒழுக.

பெர்னடெட் அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, மயிலைப் புகழ்ந்து, இனிமேல் கடைக்கு வரும்போதெல்லாம் சிவமியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளி கன்னையாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

“உன்னையும் சின்னையா மாதிரி அனுப்பிடலாம்னுதான் இருக்கு” என்றார். “அனுப்பினா அந்த அம்மா வரும்போதெல்லாம் சிவமி எங்கேன்னு கேக்கும். நான் யாரைக் காட்டுவேன்?”

“ஆமாங்க முதலாளி.”

“ஆமாவா? காலையில அஞ்சு மணிக்கு வா. அந்த அம்மா இனிமே கழுத்துப்பட்டியெல்லாம் புரட்டிப் பாக்கும். கடையில இருக்கிற அத்தனை நாடாவையும் பிரிச்சு, புது வார்த்தைப்படி எழுதித் தைக்கணும். அத்தனையும் நீதான் தைக்கிறே. எங்கப்பா காலத்து வார்த்தைடா அது.”

“புது வார்த்தை என்னங்க?”

முதலாளி அவனை முறைத்தார். “ஊசியோட வா, சொல்றேன்” என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போனார்.

கன்னையா உள்ளே ஓடினான். ஓடவேண்டிய காரியம் இனி இல்லை என்பது கால்களுக்கு இன்னும் தெரியவில்லை. புஷ்பவல்லி மேலங்கியை அவிழ்த்து எறிந்துவிட்டு, களிமண் தொட்டியின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிவப்புக் கை, தோளில் ஒரு பச்சைக் கை. அவனையறியாமல் குனிந்து, இரண்டு விரலால் லேஸைக் கிள்ளித் தூக்கினான். அது இப்போது வீட்டுக் கவுன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை எடுத்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விரல் மறுபடி போய்க் கிள்ளியது.

“விடுங்கப்பா” என்றாள் மகள், களிமண்ணை உருட்டிக்கொண்டே. “அது சிவமியோட கவுன். முதலாளியே சொல்லிட்டாரு.”

“அதான் நீதானே சிவமி!”

“இன்னைக்கு மட்டும்தானே? நாளைக்கு நான் புஷ்பவல்லி.” உருண்டையைத் தட்டித் தட்டையாக்கினாள். “புஷ்பவல்லிக்கு எப்ப கவுன் எடுத்துத் தருவீங்க?”